பிரைடி மல்கே அடிக்காத கோல்

டார்லிமூர் பெண்கள் அணியின் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்தை நாங்கள் குதிரை ஏற்றும் வண்டியிலிருந்துதான் ஒலிபரப்பினோம். கிளப் கட்டடத்து மாடியில் ஓர் அறை உண்டு. அது ஆண்கள் ஆட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் மெர்ல் ஹக்கின்ஸ், பக்கத்துப் பண்ணையில் குதிரை வண்டியை இரவல் வாங்கி, கழுவி, மைதானத்தின் நடுப்பக்கத்தில் வேலியோரமாக நிறுத்தினாள். குதிரை தலை நீட்டும் ஜன்னல் வழியாக நாங்கள் தலை நீட்டினோம். கழுவினாலும் குதிரை முழுதாகப் போகவில்லை.

மெர்ல் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆட்டத்தைச் சொல்வது அவள் வேலை. அவள் மூச்சு வாங்கும்போது நடுவில் ஏதாவது பேசுவது என் வேலை. அவள் அதிகம் மூச்சு வாங்க மாட்டாள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. பாதி ஆட்டத்தில் ஆளுக்கொரு இறைச்சி பை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது, தருவார்கள், அதுவும் மிச்சமிருந்தால்.

அந்த ஞாயிறு மூடுபனி. எங்கள் மலைப்பக்கத்துப் பனி காலையில் வந்து மதியம் போகிற நாகரிகமான பனி அல்ல. வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். மைதானத்தின் நடுவட்டம் வரை தெரிந்தது. இரண்டு முனையிலும் கோல் கம்பங்கள் இருக்கின்றன என்பது நம்பிக்கையின் பாற்பட்டதாக இருந்தது.

"எப்படி மெர்ல் சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"ஹார்ன் இருக்குல்ல," என்றாள்.

இருந்தது. எங்கள் ஊரில் வேலியைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, உள்ளே உட்கார்ந்தபடியேதான் ஆட்டம் பார்ப்பார்கள். கோல் விழுந்தால் கை தட்டுவதில்லை, ஹார்ன் அடிப்பார்கள். கம்பத்துக்கு அருகில் நிற்கிற கார்களுக்குக் கம்பம் தெரியும். அவர்கள் அடித்தால் கோல். அடிக்காவிட்டால் இல்லை. முதல் பாதி முழுக்க மெர்ல் இப்படியே சொன்னாள். ஒரு தப்பும் வரவில்லை.

இனி பிரைடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரைடி மல்கே எங்கள் அணியின் ஃபுல் பேக். அதாவது நம் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரணி அடிக்க வருவதைக் குத்தித் தள்ளுகிறவள். எட்டு வருஷமாக ஆடுகிறாள், ஒரு கோல் அடித்ததில்லை. அடிக்கிற கோல் மைதானத்தின் மறுமுனையில் இருக்கிறது. அங்கே அவளுக்கு வேலையில்லை.

அவள் அப்பா டெஸ், அந்தக் காலத்தில் கோலாக அடித்துத் தள்ளியவர். அவரைப் பொறுத்தவரை பந்தாட்டம் என்றால் கோல். மற்றதெல்லாம் அதற்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற கூலிவேலை. அவள் ஆடத் தொடங்கிய வருஷம், பால் கறக்கும் கொட்டகையில் வைத்து, "நீ ஒரு கோல் அடி, வந்து பாக்குறேன்," என்று சொன்னார். சொன்னால் சொன்னதுதான் என்பது அவருடைய பெருமை. அப்பாவும் மகளும் தினம் இரண்டு வேளை ஒன்றாகப் பால் கறக்கிறார்கள். எட்டு வருஷமாக அவர் மைதானத்துக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் கொட்டகையில் ரேடியோ ஓடும். மாடுகளுக்காக என்பார்.

நான்கு குவார்ட்டர் ஆட்டத்தில் மூன்றாவதில் எங்கள் முன்வரிசைப் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. பதிலுக்கு ஆளில்லை. பிரைடியை முன்னால் போகச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. எங்கள் ஜன்னலுக்கு நேராகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாள், எங்கள் ஆட்டத்தில் அது செல்லும்.

"பிரைடி மல்கே! நம்ம ஃபுல் பேக்குங்க! ஓடுறா, ஒருத்தியத் தாண்டிட்டா, பனிக்குள்ள போயிட்டா..." என்றாள் மெர்ல். அப்புறம் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ரேடியோவில் வெறும் அமைதி போயிற்று.

ஒரு ஹார்ன் கேட்டது.

"கோல்! பிரைடி மல்கே கோல்! எட்டு வருஷத்துல முதல் கோல்!"

உடனே மைதானத்தைச் சுற்றி எல்லா ஹார்னும் அலறின. ஸ்கோர் போர்டு எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் எர்னி ஆறு புள்ளி ஏற்றினார். மெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் ஹார்ன் அடித்தது கீத் ஓல்டர் என்பவரின் நாய். கீத் இறைச்சி பை வாங்கப் போயிருந்தார். நாய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அவர் எங்கே போனாரென்று பார்க்க ஸ்டியரிங்கில் முன்னங்கால் வைத்திருக்கிறது. மற்ற கார்கள் ஹார்ன் அடித்தது, மெர்ல் ரேடியோவில் கோல் என்று சொன்னதால். எர்னி தகரக் கொட்டகைக்குள் ரேடியோ கேட்டுத்தான் எண் மாட்டுவார், அவருக்கும் மெர்ல்தான். ஆக மூன்று சாட்சி. ஒன்று நாய், மற்ற இரண்டும் மெர்ல்.

உண்மையில் பந்து கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஆறு இல்லை, ஒன்றுதான். கோல் அம்பயர் ஒரு புள்ளிக்கான ஒற்றைக் கொடியை ஒழுங்காகத்தான் ஆட்டியிருக்கிறார், பனிக்கு.

மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் அவர் வெள்ளைக் கோட்டோடு எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே பிரைடி வந்தாள். முழங்கால் வரை சேறு.

"மெர்ல், ரேடியோல என்னத்தச் சொன்னீங்க? பொண்ணுங்கல்லாம் வந்து கட்டிப் புடிக்கிறாளுங்க."

"கோல்னு சொன்னேன்."

"கம்பத்துல பட்டுச்சு."

"இப்பத்தான் தெரிஞ்சுது. மைக்க எடுத்துத் திருத்தப் போறேன். நம்ம வழக்கம் தெரியும்ல? தப்புன்னு தெரிஞ்ச மூச்சுலயே திருத்திரணும்."

பிரைடி மைதானத்தின் வாசல் பக்கம் பார்த்தாள். பனியில் இரண்டு விளக்குகள் மெல்ல வந்துகொண்டிருந்தன.

"அது அப்பா வண்டி," என்றாள்.

"பால் கறக்குற நேரமாச்சே," என்றேன் நான்.

"ஆமா. மாட்ட நிக்க வச்சுட்டு வந்திருக்காரு."

எங்கள் பக்கத்தில் சாவுக்குக்கூட கறவை முடித்துவிட்டுத்தான் போவார்கள்.

"மெர்ல், உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

"இப்பவும் கேக்காத கண்ணு."

"கடைசி குவார்ட்டர் முடியற வரைக்கும் சொல்லாம இருங்க. ஒரு தடவ அவரு உக்காந்து பாக்கட்டும். ராத்திரி நானே சொல்லிக்கிறேன். சொன்னீங்கன்னா அடுத்த நிமிஷம் வண்டியத் திருப்பிருவாரு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஆனா கண்ணு தெரியாத ஃபிராங்க் வீட்ல உக்காந்து கேக்குறான். நான் என்ன சொல்றேனோ அதத்தான் அவன் பாக்குறான். இல்லாத கோல அவன எத்தன நேரம் பாக்க வைக்கச் சொல்ற?"

பிரைடி மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "சரி. திருத்துங்க," என்று சொல்லிவிட்டு ஆட்டக்காரிகளின் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மெர்ல் என் கையில் வாக்கி டாக்கியைத் திணித்தாள். "நீ போயி கோலுக்குப் பின்னால நில்லு. கொடியப் பாத்துச் சொல்லு. இனி எந்த நாயையும் நம்ப மாட்டேன்."

"எந்த முனைக்கு?"

"பிரைடி நிக்கிற முனைக்கு. அவள மறுபடி நம்ம கோலுக்கு முன்னால அனுப்பிட்டாங்க. இந்தக் குவார்ட்டர் பந்து பூரா அங்கதான் இருக்கும், நம்ம முன்வரிசை நொண்டுது."

வேலியோரமாக நடந்தேன். என் முழங்காலுக்கு அது தூரம். கார் ஜன்னல்கள் எல்லாம் ஒரு விரல் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மெர்லின் குரல் வந்துகொண்டிருந்தது. திருத்தம் வரும், திருத்தம் வரும் என்று பார்க்கிறேன், அவள் கேக் பரிசுச் சீட்டுக் குலுக்கலைப் பற்றிச் சொல்கிறாள். புதன்கிழமை மாட்டுச் சந்தை பற்றிச் சொல்கிறாள். யாருடைய கிடேரியோ வேலி தாண்டிப் போய்விட்டதாம், காதில் மஞ்சள் பட்டையாம், அதையும் நிதானமாகச் சொல்கிறாள். அவள் வாழ்க்கையில் ஒரு திருத்தத்தை இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டு நான் பார்த்ததில்லை. மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குள் டெஸ், பிரைடி நிற்கப்போகிற முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். ரப்பர் பூட்ஸ், கறவை ஏப்ரன். அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார்.

சைரன் ஒலித்தது. கடைசி குவார்ட்டர் தொடங்கியது. பந்து மேலே போன அந்த நொடியில் மெர்ல் சொன்னாள்:

"ஒரு திருத்தம். பிரைடி மல்கே அடிச்சது கோல் இல்ல. கம்பத்துல பட்டுச்சு, ஒரு புள்ளி. தப்பு என்னோடது. எர்னி, அஞ்ச எறக்குங்க."

டெஸ்ஸின் வண்டி உறுமியது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆரஞ்சு மேலங்கி போட்ட நோலா, எங்கிருந்து வந்தாளோ, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மைதானத்தில் வண்டிகளுக்கு அவள்தான் சட்டம். ஆட்டம் நடக்கும்போது எந்தச் சக்கரமும் உருளக் கூடாது. ஒரு தடவை ஒரு குழந்தை வண்டி நசுங்கியதிலிருந்து இந்த விதி. குழந்தை அதில் இல்லை, இருந்தாலும்.

மெர்ல் ஏன் கிடேரியைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நகரு நோலா," என்றார் டெஸ்.

"சைரன் அடிக்கட்டும்."

"கோல் அடிக்கலயாம்."

"அது உங்க வீட்டு விஷயம்."

"மாடு நிக்குதும்மா!"

"அதுக்குக் காலு இருக்கு, நிக்கும். எஞ்சின அணைங்க டெஸ், புகையா வருது. பனியே போதும்."

அணைத்தார். ஐந்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கதவை அறைந்துவிட்டு இறங்கினார். நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன், அவர் போகக்கூடியவர்தான். ஆனால் வேலியைப் பிடித்துக்கொண்டு கோல் முனைக்கு வந்தார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அங்கிருந்து பார்த்தால் அந்த முனைக் கோலின் நான்கு கம்பங்களும் தெரிந்தன. வெள்ளைக் கோட்டு அம்பயர் தெரிந்தார். பிரைடியும், அவள் காவல் காக்கிற பெல்க்ரீக் அணியின் உயரமான பெண்ணும் தெரிந்தார்கள். மற்ற எல்லோரும் பனிக்குள் வெறும் சத்தமாக இருந்தார்கள்.

"இங்க என்ன பண்றா இவ?" என்றார் என்னிடம்.

"காவல்."

"பந்தே இல்லையே."

"வரும்."

அவர் வேலியில் சாய்ந்தார். "பிரைடி!"

அவள் திரும்பவில்லை. "என்ன?"

"கோல் இல்லையாம்."

"இல்ல. கம்பம்."

"எந்தக் கம்பம்?"

"இடது."

"கால உள்பக்கமாத் திருப்பியிருப்ப."

"அப்பா, நான் வேலையா இருக்கேன்."

உயரமான பெண் சிரித்தாள். "உங்கப்பாவா? இறங்கி ஆடச் சொல்லு."

பந்து பனியிலிருந்து எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. உயரமானவள் இரண்டு கையையும் நீட்டித் துள்ளினாள். அவள் விரல்களுக்கிடையே பிரைடியின் முஷ்டி புகுந்தது. பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. பிரைடி எழுந்து, வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு, பழைய இடத்தில் போய் நின்றாள். வாக்கி டாக்கியில் மெர்ல் கேட்டாள், நான் சொன்னேன்.

மறுபடி வந்தது. மறுபடி முஷ்டி. மூன்றாவது தடவை பிரைடியின் முகம் தரையில் உரசியது. நான்காவது தடவை அவளால் முடியவில்லை, உயரமானவள் கோல் அடித்தாள். பிரைடி இடுப்பில் கை வைத்து ஒரு கணம் நின்றாள். கோலே ஆட்டம் என்ற எழுபது வயது டெஸ் அந்தக் கோலுக்கு முகம் சுளித்ததைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா?" என்றார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

கடைசி நேரம். பந்து மேலே எங்கேயோ இருந்தது, சத்தம் மட்டும் நெருங்கியது. பிரைடி உயரமானவளை முதுகால் தடுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கமாக இன்னொரு காலடிச் சத்தம் பனிக்குள் ஓடி வந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"பிரைடி! வலது! வலதுல ஒருத்தி வர்றா! விடாத!"

நான் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். மெர்ல் அதை அப்படியே மைக்கில் பிடித்தாள். மலைப்பக்கம் முழுக்க, ஃபிராங்க் உட்பட, டெஸ் மல்கே ஒரு ஃபுல் பேக்குக்காகக் கத்தியதைக் கேட்டது. பிரைடி வலப்பக்கம் பாய்ந்தாள். முஷ்டி, சேறு, வெளியே.

"கத்தாதீங்கப்பா, எனக்குக் காது இருக்கு," என்றாள், கிடந்தபடியே.

நான்கு புள்ளியில் தோற்றோம். அந்த ஐந்து புள்ளி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று மெர்லிடம் வந்து சொல்லாத ஆளில்லை. எர்னி இரண்டு தடவை சொன்னார்.

வேலியைத் தாண்டி வந்த பிரைடியிடம் டெஸ், "தோத்துட்டீங்க," என்றார்.

"ஆமா."

"மாடு நிக்குது."

"பூட்ஸ மாத்திட்டு வர்றேன்."

"அப்படியே வா. சேறுதானே."

இருவரும் வண்டியில் ஏறிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். நாங்கள் குதிரை வண்டியை நிறுத்தும்போதே டெஸ்ஸின் வண்டி பிரைடியின் முனையில் நின்றது. மெர்ல் நேராகப் போய்க் கேட்டாள்: "கோல் அடிச்சாத்தான் வருவேன்னீங்க?"

"அடிச்சதா நீதான் சொன்ன. வந்தேன். நீ திருத்திட்ட, சரி. வந்தத நான் எப்படித் திருத்துறது?"

குவார்ட்டருக்குக் குவார்ட்டர் அணிகள் முனை மாறும். டெஸ்ஸும் மாறினார். ஒவ்வோர் இடைவேளையிலும் வண்டியைக் கிளப்பி, மைதானத்தை அரைவட்டம் சுற்றி, பிரைடி போகிற முனையில் போய் நிறுத்தினார். நல்ல இடத்தில் நின்ற கார்களை நகரச் சொன்னார். விதிப்படி இடைவேளையில் வண்டி நகரலாம். நோலா அதைப் பற்றிக் கமிட்டியில் பேசப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.