புள்ளடி

கூர் நகரத்து ஹோட்டல் சமையலறையில், தங்கை புருஷன் உருத்திரமூர்த்தியின் வரிப் படிவத்தைப் பார்த்ததும் சிவானந்தராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. 'மணமானவர்' கட்டத்தை விட்டுவிட்டு, 'மனைவியைப் பிரிந்தவர்' கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தான்.

"என்ரை தங்கச்சியைத் தள்ளி வைச்சிட்டியோடா?"

கேட்டபடியே முகத்தில் குத்தினான். விழுந்தவனின் தலைமயிரைப் பிடித்து அடுப்போரத்தில் மோதினான். வெள்ளை ஏப்ரனில் இரத்தம் வழிந்தது.

உருத்திரமூர்த்தி உடைந்த பல்லைத் துப்பினான்.

"அவள் யாழ்ப்பாணத்திலை, நான் இஞ்சை. பிரிஞ்சுதானே மச்சான் இருக்கிறம்? அதைத்தான் கேக்கிறாங்களெண்டு நினைச்சன். நீங்கள் எதிலை போட்டனீங்கள்?"

ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்க, தன் படிவத்தில் 'மணமாகாதவர்' என்று புள்ளடி போட்டிருந்த சிவானந்தராசா முன்னிலும் பலமாக அடித்தான்.