நேராக ஆடும் கூடை

ஆராய்ச்சி உதவியாளர் தேஜஸ்ரீ இசைக்கவையைத் தட்டி, அதன் அடியை என் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தாள். அதிர்வு நின்றதும் சொல்ல வேண்டும். நின்றுவிட்டது என்றேன். அதை எடுத்துத் தன் விரல் கணுவில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க சார்."

"அப்ப எனக்கும் கோளாறுங்களா?"

"இல்லீங்க. இந்தளவு வித்தியாசம் எல்லாத்துக்கும் இருக்கும். நீங்க நார்மல்தான்."

இந்த ஆராய்ச்சியில் என் வேலையே அதுதான். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ள ஒருவருக்கு, அது இல்லாத ஒருவர் இணை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே சிறுவாணித் தண்ணீர் என்றால் ஒப்பிடுவது சுலபம் என்று நோயாளியின் கணவனையோ மனைவியையோ சேர்த்துக்கொண்டார்கள். பிரவீனா நோயாளி. நான் ஆரோக்கியமானவன். வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் இந்த மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுப்போம், வராந்தாவில் நடந்து காட்டுவோம், பலகைத் துளைகளில் குச்சி செருகுவோம். குச்சி செருகுவதில் ஒருமுறை அவள் இடது கையால் என்னை முந்திவிட்டாள். வீடு வரும்வரை, "ஏனுங், நீங்க நெசமாவே நார்மலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஐப்பசியில் நிமோனியா வந்து இறந்துபோனாள்.

வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்தார். காங்கேயத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர். கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தார். மடியில் ஒயர் கூடை. அதற்குள் மஞ்சள் துணி சுற்றிய பித்தளைச் சொம்பு.

சொம்பு ரத்தத்துக்கு. பிரவீனாவின் ரத்தம் இங்கே மைனஸ் எண்பது டிகிரியில் இருப்பதை நான்தான் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"சாம்பலையெல்லாம் கூடுதுறைல கரைச்சுப்போட்டு வந்துட்டமுங். மிச்சம் ஐஸ்ல கெடக்கையில புள்ள எப்புடிங்க கரையேறுவா? வாங்கிக் குடுத்துப்போடுங்க மாப்பிள்ள. நானே பவானி போயி உட்டுட்டு வாரேன்."

எனக்கு அதில் எந்தக் கருத்தும் இல்லை. சில மாதங்களாக எதிலுமே இல்லை. வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

தேஜஸ்ரீ நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். சிரிக்கவில்லை. குடும்பத்தார் வேண்டாம் என்றால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடலாம், கையில் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

"ஆனா இப்பவே முடிவு சொல்லோணுங்க. நாளைக்கு எல்லா டியூபையும் ஒண்ணா எடுத்து ஒரே மெஷின்ல ஓட்டறோம்."

"அதுல என்ன பாப்பீங்க?"

"நரம்பு உடைஞ்சா ஒரு புரதம் ரத்தத்துல கசியுமுங்க. எவ்வளவு கசிஞ்சிருக்குதுன்னு."

"எனக்கு இருக்காதுங்களா?"

"உங்களுக்கும் இருக்கும். எல்லாருக்கும் கொஞ்சம் கசிஞ்சுட்டுதான் இருக்கும். அவங்களுது போச்சுன்னா உங்களுத வெச்சு ஒப்பிட ஆளில்லீங்க. ரெண்டையுமே ஆராய்ச்சிலிருந்து எடுத்துருவோம்."

எனக்கும் கசியும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பம்புசெட் கம்பெனியில் மோட்டார் சோதிப்பது என் வேலை. சுருள் கம்பியின் மேல்பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று பார்ப்பேன். அவளுடைய நோயும் ஏறக்குறைய அதுதான். உடம்பின் காவலாட்களே நரம்பின் உறையை அரித்துவிடுகிறார்கள். உறை போன நரம்பில் செய்தி தாமதமாகப் போகும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தாமதமாகப் போனால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது தெரியாது. அதைக் கேட்டேன்.

தேஜஸ்ரீ பிரவீனாவின் கோப்பைப் புரட்டினாள்.

"அவங்களுக்கு வலது கண்ணு செய்தி மட்டும் லேட்டுங்க. அப்படி இருந்தா, நேரா ஆடற பொருள் வட்டமா சுத்தற மாதிரி தெரியும். கடியாரப் பெண்டுலம் மாதிரி எதையாவது பாத்தா."

எங்கள் வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் படிகாரம் தொங்குகிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் பிரவீனா அதை விரலால் சுண்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்ப்பாள்.

"பாருங், ராட்டாந்தூரியாட்ட வட்டமாச் சுத்துது."

"நேராத்தான் அம்மணி ஆடுது."

"உங்க கண்ணு அவிஞ்சுபோச்சுங்."

அவள் விளையாடுகிறாள் என்று நான் நினைத்தேன். நான் விளையாடுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

"எனக்கு அப்படித் தெரிய வழி இருக்குதுங்களா?" என்றேன்.

"ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி வெச்சுட்டு, ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க. வெளிச்சம் குறைஞ்ச கண்ணு லேட்டாகும். யாருக்கு வேணாலும் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று எழுந்தேன்.

தெய்வாத்தாளும் எழுந்தார். "என்னுங் சொன்னாங்க? குடுக்கறாங்களா?"

"அத்தை, கூடையக் குடுங்க. கண்ணாடியவும்."

"அதெதுக்குங்? வெய்யிலுக்குக் கண்ணு கூசுமுங்."

"நெழல்லதான். வாங்க."

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. தாழ்ந்த கிளையில் கூடையை மாட்டினேன். இடமும் வலமுமாக ஆடட்டும் என்று தள்ளிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். நேராகத்தான் ஆடியது. கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, ஒரு வில்லையை வலது கண்ணுக்கு முன்னால் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, வலப்பக்கம் வரும்போது கூடை என்னை நோக்கி வந்தது. இடப்பக்கம் போகும்போது மரத்தின் பக்கமாக விலகிப் போனது. மறுபடி வந்தது. கண்ணாடியை எடுத்தேன், நேராக ஆடியது. வைத்தேன், சுற்றியது. எத்தனை முறை எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள," தெய்வாத்தாள் என் முழங்கையைத் தொட்டார். "உங்குளுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க. பிரவீனா அந்தப் படிகாரத்தப் பாத்து ஒண்ணு சொல்லுவாளே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"சுத்துதுன்னு சொல்லுமுங். சின்னப் புள்ளையாட்ட." முந்தானையால் கண் ஓரத்தைத் துடைத்தார்.

நான் கண்ணாடியை அவர் வலது கண்ணுக்கு முன்னால் பிடித்துக் கொடுத்தேன். இன்னொரு கண்ணை மூட வேண்டாம் என்றேன். போய்க் கூடையைத் தள்ளிவிட்டேன். சொம்பு உள்ளே ஒருமுறை புரண்டது. என் பக்கத்திலிருந்து பார்க்க, கூடை அந்தண்டையும் இந்தண்டையும் போய் வந்தது, அவ்வளவுதான்.

அவர் வாய் திறந்திருந்தது. கழுத்து மெல்ல முன்னால் நீண்டது, பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

முடிவு கேட்க வந்த தேஜஸ்ரீ வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். கூடையின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. நின்றேபோய்விட்டது.

"இன்னொருக்காத் தள்ளுங்க மாப்பிள்ள," என்றார்.