மாதம் முடியும்வரை ஒரு வீடு

புரோக்கர் கண் என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டைப் பார்த்தால் எத்தனை சென்ட், ரோட்டைப் பார்த்து எவ்வளவு அகலம், லாரி திரும்புமா என்பதெல்லாம் முதலில் தெரியும்; உள்ளே குடியிருக்கிறவர்கள் அப்புறம்தான் தெரிவார்கள். எனக்கு அந்தக் கண் நன்றாகவே வாய்த்திருக்கிறது. நாகர்கோவிலில் பேண்டுத் தெரு என்று ஜனங்கள் சொல்கிற தெருவில் பாதி வீடுகளைக் கைமாற்றி விட்டது சுயம்புராஜ் என்கிற நான்தான்.

ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு ஒருவராவது எதையாவது ஊதுவார், அடிப்பார், இல்லையென்றால் பாடுவார். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மாவட்டம் முழுக்க அங்கிருந்துதான் ஆள் போகும். இப்போது பாட்டு குறைந்துவிட்டதா என்றால் இல்லை, கூடித்தான் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ரெக்கார்டிங்குக்குக் காரில் வருகிறார்கள். மாடிக்கு மாடி கீபோர்டு கிளாஸ். அப்பார்ட்மென்டுகளுக்குக்கூட மெலடி, சிம்பொனி என்றுதான் பெயர். ஆனால் சுவரில் பஞ்சு பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து அடைத்துவிட்டார்கள். தெருவில் நின்று காது கொடுத்தால் ஏசி ஓடுகிற சத்தம்தான் கேட்கும். இதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குச் சோறு போட்டது இந்தக் கட்டடங்கள்தான்.

அப்படி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு நாள் சத்தியபாய் அக்கா போன் செய்தார். அந்தக் கட்டடம் நிற்பது அவர்களுடைய பழைய வீட்டு மனையும் பக்கத்து மனைகளும் சேர்ந்த இடத்தில். வீட்டைக் கொடுத்து பிளாட் வாங்கிக்கொண்டார்கள். பேசி முடித்ததும் நானே. அவருடைய வீட்டுக்காரர் ஜெபதாஸ் அண்ணாச்சி பேண்டில் கார்னெட் என்கிற ஊதுகுழல் வாசிப்பவர். அக்கா தேவாலய சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ. ஆல்டோ என்றால் பெண்களில் கீழ்க்குரல். தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. அது இல்லாவிட்டால் பாட்டு மெலிந்துபோகும். அண்ணாச்சிதான் எனக்கு இதைச் சொல்லித் தந்தார்.

நான் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

"சுயம்பு, எனக்கு ஒரு வீடு வேணும் மக்கா. வாடகைக்கு. தரையில இருக்கணும், முற்றம் இருக்கணும்."

"இப்ப எதுக்கு அக்கா வீடு?"

"சாவுகதுக்கு," என்றார், கத்தரிக்காய் வாங்குவதற்கு என்பது போல.

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலாவது மாடியில் கிருஷ்ணமணி சார் இறந்தபோது நடந்ததை அக்கா பார்த்திருக்கிறார். லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மாடிப்படியில் திருப்பவும் இடம் போதவில்லை. கடைசியில் சாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் மார்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, லிப்டில் இறக்கினார்கள். மூன்றாவது மாடியில் லிப்ட் நின்று கதவு திறந்தபோது வெளியே அக்கா நின்றிருந்தார். சாரின் தலை தொங்கிக்கொண்டிருந்ததாம்.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்களில் இறந்தவரை உட்கார வைத்துத்தான் அடக்கம் செய்வோம். அதனால் எனக்கு அது அப்படியொன்றும் பெரிதாகப் படவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து அதை அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "உங்க ஆளுகளை உக்கார வைக்கது மரியாதைக்கு. சாரை உக்கார வச்சது லிப்டுக்கு," என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தனக்கு என்ன வேண்டும் என்று அக்காவே சொன்னார். முற்றத்தில் தன்னைப் படுக்க வைக்க வேண்டும். பெண்களில் இரண்டு, ஆண்களில் இரண்டு என்று நாலு குரல்காரர்களும் நாலு பக்கம் நின்று பாட வேண்டும். முன்னால் பேண்டு போக, படுத்தபடியே தெரு வழியாகச் சபைக் கோயிலுக்குப் போக வேண்டும். இத்தனை வருடமாக எத்தனையோ பேரை அவர் அப்படித்தான் பாடி அனுப்பியிருக்கிறார். தனக்கும் அது வேண்டும் என்றார்.

வீடு தேடினேன். முற்றம் வைத்த வீடே அபூர்வம். இருந்ததிலும் எதற்கென்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். வயதான புருஷனும் பெண்டாட்டியும், தொந்தரவு இல்லாதவர்கள் என்று மட்டும் சொல்லி பிந்து என்கிற பெண்ணின் வீட்டை ஏறக்குறைய முடித்துவிட்டேன். அவளுடைய கணவன் மஸ்கட்டில். அவள் அக்காவை நேரில் பார்க்க வந்தாள். அக்கா எடுத்த எடுப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பிந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எனக்கும் மனசு இல்லாம இல்ல. ஆள் சாவுகதுக்குன்னு வந்து செத்த வீட்டை அடுத்து எவன் எடுப்பான்? எனக்க லோனை யாரு கெட்டுவா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. நானே அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் என் பெண்டாட்டி பூங்கனியிடம் புலம்பினேன். அடுத்து ஒருவன் குடிவர வேண்டிய எந்த வீட்டையும் எவனும் தரமாட்டான் என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. அடுத்து ஒருவரும் குடிவரப்போகாத வீடு அந்தத் தெருவிலேயே ஒன்று இருந்தது.

தெருவில் மிச்சமிருந்த கடைசி ஓட்டு வீடு. சொந்தக்காரர் பஹ்ரைனில் இருந்தபடியே அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாதம் முடிந்ததும் இடிப்பு. அயினி மரக் கதவுகளையும் ஜன்னல்களையும் பழைய மரம் எடுப்பவர்கள் முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனியின் சைட் எஞ்சினியர் ஜெனித் என்கிற பையன். கருங்கல் ஊர்க்காரன், தன்மையானவன். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மாசம் முடியட்டும்ணே, அது வரைக்கும் நான் கண்டுக்கமாட்டேன். அதுக்கு மேல எனக்க கையில இல்ல, கேட்டியளா?"

"அது வரைக்கும் தாங்காதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. ஒரு மனுஷியின் சாவைக் காட்டி வீடு பேசி முடித்திருந்தேன்.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் லிப்டில் இறக்கினோம். அந்த வீட்டுக்குள் வந்ததும் கதவில்லாத வாசலைப் பார்த்துச் சிரித்தார். வாசலுக்கும் ஜன்னல்களுக்கும் பூங்கனி பழைய சேலைகளைக் கட்டினாள். முற்றத்தில் பாடகர் குழு தினமும் சாயங்காலம் கூடியது. வேலைவிட்டு வந்த டீச்சர்கள், பாங்கிக்காரர், கடைக்காரர்கள். அடைக்க ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து பாட்டு தெரு முழுக்கப் போயிற்று. பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஸ்டுடியோப் பையன்கள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கேட்டார்கள்.

அக்கா படுத்தபடி ஆல்டோ பாடினார். முதல் நாள் உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச நாளில் சத்தம் வந்தது. பிறகு டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல்காரர்களைத் திட்டத் தொடங்கினார். கஞ்சி இறங்காதவர் சாளை மீன் குழம்பு கேட்டார். எழுந்து உட்கார்ந்தார். ஒரு நாள் நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடந்து வந்திருந்தார். அண்ணாச்சி அழுதுகொண்டே சிரித்தார்.

அக்கா சாகவில்லை.

மாதம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கண் விழித்ததும் போனைத்தான் பார்ப்பேன். தகவல் ஒன்றும் இருக்காது. மனசுக்குள் ஒரு சலிப்பு வரும், உடனே செத்துப்போகலாம் போல வெட்கம் வரும். ஒரு மனுஷி சாகவில்லையே என்று கவலைப்பட்ட புரோக்கர் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜெனித்தும் கூப்பிடுவான். "அம்மா எப்படி இருக்காவண்ணே?" என்பான். "நல்லா இருக்காவ தம்பி," என்பேன். அதோடு இரண்டு பேரும் போனை வைத்துவிடுவோம்.

மாதம் முடிந்தது. ஜேசிபி வந்து தெருமுனையில் நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். ஜெனித்தை அழைத்துவரச் சொன்னார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

"மக்கா, சொன்ன வாக்கைத் தப்பிட்டேன். மன்னிச்சுக்கிடு," என்றார் அக்கா.

ஜெனித் அதை எதிர்பார்க்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. நான் ஆபீசில பேசி இன்னும் ஒரு வாரம்..."

"ஒரு வாரம் கழிச்சும் நான் இருந்தா என்ன செய்வ? அதுக்கு அடுத்த வாரமும் இருந்தா? ஜேசிபிக்காரன் சும்மாவா நிப்பான்? உனக்க வேலைதான் போவும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் தா. சாயங்காலம் நான் போயிருகேன்."

"எங்க போறிய?" என்றார் அண்ணாச்சி.

"மேலதான். பிளாட்டுக்கு. போறதுக்கு முன்ன எனக்க அடக்கப் பாட்டைப் பாடித் தாங்க. பேண்டையும் வரச் சொல்லுங்க. செத்த பிறகு பாடினா எனக்குக் கேக்கவா போவுது?"

போதகர் வந்து தயங்கினார். உயிரோடு இருக்கிறவருக்கு அடக்க ஆராதனை வாசிக்க முறையில்லை என்றார். வாசிக்க வேண்டாம், ஜெபம் செய்துவிட்டு டெனரில் நின்று பாடுங்கள், அங்கே ஆள் குறைவு என்றார் அக்கா. அவரும் வந்து நின்றார்.

மறுநாள் சாயங்காலம் அக்காவை முற்றத்தில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெள்ளைச் சேலை. நாலு குரலும் நாலு பக்கம் நின்றது. அடக்கங்களில் பாடுகிற பாட்டுகளைத்தான் பாடினார்கள். சாவு வீட்டுப் பாட்டு நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் யாருக்காகப் பாடுகிறார்களோ அவரே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூடப் பாடி நான் கண்டதில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பூங்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு பேண்டு முன்னால் நடந்தது. அண்ணாச்சி கார்னெட்டை வாயில் வைத்தார், காற்றுதான் வந்தது. நின்று, உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். கட்டிலை ஆறு பேர் தோளில் தூக்கினோம், நானும் ஒரு கால் பிடித்தேன். கோயில் வரைக்கும் போய்த் திரும்பினோம். யார் போனது என்று தெரியாமல் பைக்கில் வந்தவர்கள் ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கட்டிலில் இருந்தவர் கண் சிமிட்டுவதைப் பார்த்துத் திகைத்தார்கள். கோயில் வாசலில் மணி அடிப்பவர் எந்த மணியை அடிப்பது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தார்.

அப்பார்ட்மென்ட் வாசலில் கட்டிலை இறக்கினோம். அங்கிருந்து நாற்காலிதான், லிப்ட்தான். உட்கார்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"இனி என்னைய எப்படி இறக்கினாலும் சரி, சுயம்பு. நான் போயாச்சு."

மறுநாள் வீடு இடிந்தது. அக்கா பால்கனியிலிருந்து பார்த்ததாகச் சொன்னார்கள். மேலே போன பிறகு அவர் பாடவில்லை. சாப்பாடும் குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பாகவே போய்விட்டார்.

அன்றைக்கு அக்காவை நாற்காலியோடு சேர்த்து வேட்டியால் முடிச்சுப் போட்டது நான்தான். அண்ணாச்சி லிப்டில் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அக்காவின் தலை சாயாதபடி தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சபை முழுக்க நின்றது. தனக்கு இனிப் பாட வேண்டாம் என்று அக்கா சொல்லி வைத்திருந்ததால் யாரும் பாடவில்லை. கோயிலில் மணி மட்டும் அடித்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, எனக்கும் ஒண்ணு பாரேன். இடிக்கப்போற வீடு எதாவது. நான் அவளைப் போலத் தாமதிக்கமாட்டேன்."

"பாக்கேன் அண்ணாச்சி," என்றேன். வேறு என்ன சொல்ல? பேண்டுத் தெருவில் இனி இடிப்பதற்கு வீடு ஒன்றும் மிச்சமில்லை.