ஒரு கனவானின் தொகுப்பிலிருந்து

மாமியாரின் மரகத நெக்லஸை மருமகள் சாப்பாட்டு மேஜையில் வைத்து எடை போட்டபோது மாமியார் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தவரே அவர்தான். தராசு ஆடுகிறது என்று மூத்த மகன் முகத்தைச் சுளித்ததும், பழைய காகிதம் ஒன்றை நாலாக மடித்து மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சொந்தக் கழுத்து நகையை எடை போட இவ்வளவு ஒத்தாசை செய்த ஒரு பெண்மணியை மருமகள் தன் பதினாறு வருஷத் தொழிலில் பார்த்ததில்லை.

மருமகள் வேலை பார்ப்பது ஏல நிறுவனம் ஒன்றில். நகை, ஓவியம், பழைய கடிகாரம், பீங்கான் ஜாடி என்று வருகிறதையெல்லாம் பரிசோதித்து, ஏலப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதுவாள். அங்கே அவளுக்கு லென்ஸ் என்று பெயர். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டால் ஒரு மோதிரம் எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவாள். லென்ஸை எடுத்துவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்றே தெரியாது. இந்தப் பின்பாதியை அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. அவளே பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

"பதினோரு கல்லு. ஒண்ணுலகூட விரிசல் இல்ல," என்றாள் லென்ஸ். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. வீட்டில் ஒரு விஷயத்துக்கு அவளிடம் அபிப்பிராயம் கேட்பது அபூர்வம். இன்று கணவனும் கொழுந்தனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மயக்கத்தில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் எடை போட்டு முடித்துவிட்டுத்தான் உறைத்திருக்கும்.

மாமனார் போய் நாலு மாதம் ஆகிறது. நெக்லஸை ரெண்டாக வெட்ட முடியாது, விற்றால் பிரித்துக்கொள்ளலாம் என்ற யோசனை மகன்களுக்குத் தானாக வரவில்லை. ஒரு கடிதம் வந்து சொல்லிக் கொடுத்தது. அந்தக் கடிதத்தை எழுதியது லென்ஸ்.

நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தித்தாளில் மரண அறிவிப்பு வரும் வீடுகளில் வசதியானவையாகப் பார்த்து, மூன்று வாரம் கழித்து மூத்த மகன் பெயருக்கு ஓர் அனுதாபக் கடிதம் போகும். 'குடும்பத் தலைவராகப் பொறுப்பேற்கும் இத்தருணத்தில், தங்கள் இல்லத்தின் அரும்பொருள்களைக் காக்கும் சுமையைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்' என்று தொடங்கும். எட்டு வருஷம் முன்பு இந்த வாக்கியத்துக்காக அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். 'விழைகிறோம்' வந்து விழுந்த அன்று தனக்குத்தானே ஒரு நல்ல பேனா வாங்கிக்கொண்டாள். கடிதத்தோடு இணைத்த ஒப்புதல் படிவமும் அவள் தயாரித்ததுதான். நகைக்கு உரிமை கொண்டாடும் பெண்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதால் வரிசை நகராது. ஆகவே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று வைத்தாள். வரிசை நன்றாக நகர்ந்தது. முதலாளி பாராட்டினார்.

மரண அறிவிப்புகளில் இருந்து முகவரியை எடுக்கும் பையனுக்கு எது யார் வீடு என்று தெரியுமா? கடிதம் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கொழுந்தன் உரக்கப் படித்து, "மனசத் தொடுற மாதிரி எழுதியிருக்காங்க அண்ணி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தவள், ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"எப்ப வாங்கினதுன்னு தெரிஞ்சா நல்லது. பட்டியல்ல பூர்வீகம் போடணும்," என்றாள் இப்போது, மாமியார் பக்கம் திரும்பி.

பதில் கணவனிடமிருந்து வந்தது. "அப்பா வாங்கிக் குடுத்தது. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு. ஊரைக் கூட்டி விருந்து வச்சாரே."

"அம்மா அதுக்கப்புறம் நாலஞ்சு தடவைதான் போட்டிருப்பாங்க. இனிமே இதைப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறாங்க?" என்றான் கொழுந்தன். அக்கறையாகத்தான் சொன்னான். அம்மாவுக்கு முழங்கால் வலி.

மாமியார் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லென்ஸ் தன் குறிப்பேட்டில் 'அரிதாகவே அணியப்பட்டது' என்று எழுதிக்கொண்டாள். அந்த ஒரு சொற்றொடர் விலையைக் கொஞ்சம் தூக்கும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் மாமியார் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். தராசைத் துடைக்கத் துணி எடுக்க வந்தவளிடம் திரும்பாமலே பேசினார்.

"அது உங்க மாமா வாங்கினது இல்லம்மா. நான் வாங்கினது."

மாமியார் ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருபத்தெட்டு வருஷம் பல்செட் செய்தவர். மெழுகில் அச்செடுத்து, ஒவ்வொரு பல்லாகப் பொருத்தி, உரசி, மெருகேற்றி. அதிகப்படி நேரம் உட்கார்ந்து சம்பாதித்ததைச் சேர்த்து, ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் தனியாகக் கடைக்குப் போய் வாங்கி வந்தாராம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பச்சை பிடித்திருந்தது. விருந்து அன்றைக்கு யாரோ கேட்டார்கள், புருஷன் வாங்கிக் கொடுத்ததா என்று. மாமனார் தோளைக் குலுக்கி, "பின்ன?" என்றார்.

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"கையில காபி ட்ரே இருந்துச்சு. வச்சிட்டு வந்து சொல்லிக்கலாம்னு நினைச்சேன்." மாமியார் குழாயை மூடினார். "இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. ஆயிரம் பேரு வாய்க்குப் பல்லு செஞ்சு குடுத்தேன். என் வாய் மட்டும் திறக்கவே இல்ல பாரு."

சிரித்தார். லென்ஸும் சிரித்தாள். நான் உங்கள் மகனிடம் சொல்கிறேன் அத்தை, என்று தைரியமாக வாக்குக் கொடுத்தாள்.

சொல்லவில்லை. அன்றைக்குக் கணவன் களைத்திருந்தான். மறுநாள் அவளுக்கு அவசரம். அதற்கு அடுத்த நாள் ஞாபகம் வந்தது. ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு ட்ரே இருக்கத்தான் செய்கிறது என்று அவள் தனக்குள் ஒரு தத்துவம் சொல்லிக்கொண்டாள். கோழைகள் தத்துவம் பேசினால் நன்றாகத்தான் இருக்கும்.

அலுவலகத்திலாவது உண்மையை எழுதிப் பார்ப்போம் என்று, 'உழைக்கும் பெண் ஒருவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது' என்று ஒரு வரி போட்டாள். முதலாளி சிவப்பு மையால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். கோபமெல்லாம் இல்லை. அவர் எப்போதுமே மரியாதையான மனிதர்.

"கனவான்னு போட்டா விலை ஏறும்மா. விதவைன்னு தெரிஞ்சா வர்றவன்லாம் பேரம் பேச ஆரம்பிச்சிடுவான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால் அவளே உட்கார்ந்து அழகாகத் திருத்தி எழுதினாள். 'எண் 47. மரகத நெக்லஸ். ஒரு கனவானின் தொகுப்பிலிருந்து. இருபத்தைந்தாம் திருமண நாளில் தம் மனைவிக்கு அன்புடன் அளித்தது. அரிதாகவே அணியப்பட்டது.' அச்சாகி வந்ததும் படித்துப் பார்த்தாள். அன்புடன் என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை, அவளாகப் போட்டது.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு பார்வை நாள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், டோக்கன் வாங்கிக்கொண்டு எந்த நகையையும் போட்டுப் பார்க்கலாம். வாங்க முடியாதவர்கள்தான் அதிகம் வருவார்கள். கண்ணாடி முன் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் கழுத்தைத் தடவியபடி போவார்கள்.

முப்பத்தோராம் எண் டோக்கனை நீட்டியது மாமியார்.

பஸ்ஸில் வந்திருந்தார். கைப்பையும் குடையும். தலையைப் படிய வாரியிருந்தார். மருமகளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், "நாப்பத்தேழு பார்க்கணும்," என்றார்.

லென்ஸ் வெல்வெட் தட்டை எடுத்து வைத்தாள். கொக்கியைப் பின்னால் மாட்டிவிட்டாள். மாமியார் கண்ணாடியில் தன்னை ஒரு தையல்காரர் பார்ப்பதுபோலப் பார்த்தார், கச்சிதமா இல்லையா என்று.

"போன வருஷம் உன் வளையலும் இங்கதான வந்துச்சு?" என்றார் கண்ணாடியிலேயே மருமகளைப் பார்த்து.

வந்தது. அவள் அம்மா போட்டனுப்பிய நாலு வளையல். கணவனுக்குக் கார் வாங்கக் குறைந்த தொகைக்கு.

"அப்ப உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல அத்தை. அவர் கையெழுத்துப் போட்டார். நான் குறிப்பு எழுதினேன்."

"நல்லா எழுதினியா?"

"நல்ல விலைக்குப் போச்சு."

மாமியார் தலையாட்டினார். தொழில் சுத்தமாக இருந்தால் அவருக்குப் பிடிக்கும். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார், குடையை எடுத்தார், பட்டியலில் நாற்பத்தேழு இருந்த பக்கத்தை மேஜையில் திருப்பி வைத்தார்.

"எனக்கு அளவாத்தான் இருக்கு. நான் எடுத்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

முழங்கால் வலி உள்ளவரின் நடை. கூடம் நீளமானது. ஓடிப் போய்த் தடுக்க லென்ஸுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. முதலாளி தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுந்து வருவதற்குக்கூட நேரம் இருந்தது.

வாசல் காவலாளி இருபது வருஷமாக இப்படிப்பட்ட நகை போட்ட பெண்களுக்குக் கதவு திறந்து பழகியவர். கை தானாகக் கைப்பிடிக்குப் போய்விட்டது. பாதி திறந்தபிறகுதான் அது விற்கிற பொருள் என்பது நினைவுக்கு வந்தது. கதவைப் பிடித்தபடியே திரும்பி, "மேடம், இது யாரோடது?" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டார்.

எல்லோரும் லென்ஸைப் பார்த்தார்கள். பதினாறு வருஷமாக ஒவ்வொரு பொருளுக்கும் இது யாருடையது என்று எழுதிச் சம்பளம் வாங்கியவள் அவள். ஒருவர் நேருக்கு நேராகக் கேட்பது இதுவே முதல் தடவை.

"அவங்களோடது," என்றாள். குரல் போதவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னாள். "அவங்களோடதுதான். விடுங்க."

காவலாளி கதவை முழுசாகத் திறந்தார். மாமியார் படியில் நிதானித்து, குடையை ஊன்றி இறங்கினார்.

முதலாளி மேஜைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. கத்தவில்லை. படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, மகனின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். எல்லாம் முறைப்படி இருக்கிறதே என்றார்.

"அந்தம்மாவை நாம கேட்கவே இல்லையே சார்."

"கேட்கணும்னு படிவத்துல எங்கயும் இல்லையே."

"இல்ல சார். நான்தான் எழுதல."

முதலாளி படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை இதைப் பற்றிப் பேசுவோம் என்றார். அவர் குரலில் இருந்த மரியாதையிலிருந்தே திங்கட்கிழமை என்ன பேசுவார் என்பது அவளுக்குப் புரிந்தது. பிழைப்புப் போய்விடும் போலிருந்தது. இத்தனை வருஷம் இப்படி ஒரு காரியம் செய்தால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தாள். நிமிர்ந்து நிற்கவில்லை. அவசரமாகக் கழிப்பறைக்குப் போகவேண்டும் போலிருந்தது.

அதற்குள் போன் அடித்தது. முதலாளி கணவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார். குடும்பத் தலைவர் எண் படிவத்திலேயே இருக்கிறதே.

"அம்மா நகையைக் கழுத்தோட வெளிய விட்டியாமே. உனக்கென்ன பைத்தியமா?"

"விட்டேங்க."

"யாரைக் கேட்டு?"

எத்தனையோ கேள்விகளுக்கு அவளிடம் நாலு வரியில் பதில் தயாராக இருக்கும். இதற்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. "நகைக்குச் சொந்தக்காரங்களைக் கேட்டு."

அந்தப் பக்கம் கார் ஓடும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு, எதையோ ஓரமாக நிறுத்துகிற மாதிரி அந்த ஒலியும் அடங்கியது. அவன் பேசியபோது கோபம் பாதியாகியிருந்தது. மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, லென்ஸும் கையில் இல்லை.

"அது அப்பா வாங்கினது."

"இல்லங்க."

"அம்மா அப்படிச் சொன்னாங்களா? எப்ப? எங்கிட்ட ஏன் சொல்லல?"

முப்பத்திரண்டாம் எண் டோக்கனோடு ஒரு பெண் வந்து நின்றாள். லென்ஸ் அவளுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குத்தான் வர்றாங்க," என்றாள். "நீங்க போய் அவங்களைக் கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் காபி கீபின்னு எதுவும் கேட்காதீங்க."