இரண்டாவது ஒலி

1

இந்தக் கதை எனக்குக் காத்திருந்த நேரத்தில் கிடைத்தது. ஃபேர்லேண்ட்ஸில், பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தரும் நர்மதாவின் கடையில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. சத்தம் ஒருவருடையது மட்டும்தான். மற்றவர் நோட்டில் எழுதிக் காட்டினார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காவிரியின் மேல் வெயில், யாரோ பார்த்து மறந்த படத்தைப் போல…’ வேண்டாம். அவர்கள் சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். அப்படியே சொல்கிறேன்.

2

கணவர் தனபாலுக்குப் போன வருடம் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. (பெயர்களை மாற்றிவிட்டேன். லாரி ஓட்டியவர் என்பதை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.)

லோடு இல்லாத நாள்களில் வீடியோ கேமராவும் கையுமாகவே இருந்தவர். படம் பிடித்தது அவரே என்பதால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. எல்லாப் படத்திலும் அவர் குரல் இருந்தது. “சாமி, அங்க ஆழம், இங்க வா” என்று மகள் தனப்பிரியாவைக் கூப்பிடும் குரல்.

மனைவி உஷாராணிக்கு அந்தக் குரல் வேண்டும். தனபால் எழுதிக் காட்டியதோ, ‘சத்தத்தை எடுத்துட்டு நாதஸ்வரம் போடு.’

“அப்பறம் எதுக்குங்க இத்தன தூரம் வந்தது? நான் என்ன படம் பாக்கவா வந்தேன்?”

அவர் எழுதினார்: ‘அந்த ஆள் செத்துட்டான்.’

(இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு வேறு எழுதிப் பார்த்தேன். அவர் எழுதியது இதுதான்.)

3

நர்மதா இருவரையும் பார்த்தாள். “ஊட்டுல என்ன பிளேயருங்க?”

“பழசுங்க. டிஸ்க்கு மட்டுந்தான் போடலாம்.”

“எம்பி4-ஆ ஏத்துனா எல்லாக் கேசட்டும் ஒரே டிஸ்க்குல அடங்கிக்கும். ஆனா பழைய பிளேயர் அதப் படிக்காதுங்க. விசிடின்னா படிக்கும், மூஞ்சியெல்லாம் கலங்குன தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி தெரியும்.” சற்று யோசித்தாள். “டிவிடியாப் போட்டா நாலு டிஸ்க்கு ஆகும். ஆனா ஒரு படத்துக்கு ரெண்டு சத்தம் வெக்கலாமுங்க. ஒண்ணு நாதஸ்வரம், இன்னொண்ணு அண்ணன் பேசுனது. ரிமோட்டுல ஆடியோ பட்டன அமுத்துனா மாறிக்கும்.”

“மொதல்ல எது வருமுங்க?”

“நாம வெக்கறதுதானுங்க.”

உஷாராணி கணவரைப் பார்த்தாள்.

“அவரு கேட்ட நாதஸ்வரமே மொதல்ல வரட்டும்.”

தனபால் நோட்டை மூடினார்.

4

இனி வருவதில் கொஞ்சம் நர்மதா போனில் கேட்டுச் சொன்னது. மிச்சம் நான் விழித்துக்கொண்டே கண்ட கனவு.

டிஸ்க் ஓடவே இல்லை என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். உஷாராணி பட்டனை அமுத்த, அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று இன்னொன்று. அவள் அமுத்தமாட்டாள். அதையும் கிழித்தேன்.

மத்தியானம், வீட்டுக் கூடம். டிவியில் காவிரி, ஜேடர்பாளையம் தடுப்பணை. திரையில் தண்ணீர் நாதஸ்வரத்தோடு விழுகிறது. ஏழு வயதுத் தனப்பிரியா, யாரும் கேட்காத கேள்விக்குத் தலையாட்டுகிறாள். பதில் சொல்கிறாள், வாய் மட்டும் அசைகிறது. ஒரு வாரமாக இதையே பார்த்த உஷாராணியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய்ப் புளி கரைத்தாள்.

கூடத்தில் நாதஸ்வரம் பாதியில் நின்றது. தண்ணீர் இரைந்தது. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது.

“ஏம்புள்ள உஷா, இங்க வா.”

“வாரேனுங்க” என்றாள், கையில் புளியோடு.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஏழெட்டு அடி. அவர் ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அதை முதலில் பார்க்க வேண்டியது நானில்லை, நீங்களுமில்லை. வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறோம். கொஞ்சம் விலகுங்கள், அவள் வருகிறாள்.