எல்லா வட்டாரமும்

மேலாளருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் ‘அவசரம்’. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த அன்று, அந்தப் பெயருக்கு அவர் முழு நியாயம் செய்தார்.

“ஜனங்க எல்லாரும் ஒரே பக்கத்துல தேடணும். முகாம்ல இருக்கிறவங்க, ஆஸ்பத்திரில இருக்கிறவங்க, இறந்தவங்க. மூணு அட்டவணை. சாயங்காலத்துக்குள்ள வெப்சைட்டுல ஏத்திடு” என்றார். பதறாத காரியம் சிதறாது என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவருக்குக் கீழே வெப்சைட் எழுதுகிறவன் அவன்; சொல்லவில்லை. முதல் அட்டவணையை ஒழுங்காகத்தான் எழுதினான். மேலே வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, பக்கத்தில் பெயரைத் தட்டித் தேட இன்னொன்று. மற்ற இரண்டு அட்டவணைக்கும் அதையே ஈயடிச்சான் காப்பி அடித்தான். சோதித்தும் பார்த்தான். ஒன்றைப் பார்த்து முடித்ததும் பக்கத்தைப் புதுப்பிப்பான், பிறகுதான் அடுத்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கைப்பழக்கம். கொட்டாவி வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. மூன்றும் சரியாக ஓடின. அவசரம் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அவனுடைய அக்கா புருஷன் லாரி ஓட்டுபவர். சரக்கு இறக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவர் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. முதல் நாள் அவனே மூன்று அட்டவணையிலும் தேடினான். எதிலும் அத்தான் பெயர் இல்லை. அதன் பிறகு தேடுகிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். அவன் அலுவலகத்திலேயே கிடந்து, கூட்டம் தாங்காமல் பக்கம் படுத்துவிடாதபடி பார்த்துக்கொண்டான். ஊரார் உறவைத் தேட வழி செய்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாவி, இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம்தான் அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் சமையலறைத் தரையில், பிளக்கை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் வயர் குட்டை. போனை அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது, அவளும் நகரவில்லை.

“தினமும் இதேதான்டா. எதுவும் இல்லன்னே வருது.”

“எங்க, ஒரு தடவை தேடிக் காட்டு.”

முதல் அட்டவணையில் தங்கள் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தாள். திரும்பி வந்திருந்தால் பக்கத்து முகாமில்தானே இருப்பார் என்பது அவள் கணக்கு. அத்தான் பெயரை அடித்தாள். ‘பதிவு எதுவும் இல்லை.’ பக்கத்தைக் கீழே தள்ளி, ஆஸ்பத்திரி அட்டவணைக்கு வந்தாள். அங்கே வட்டாரப் பெட்டியில் ‘எல்லா வட்டாரமும்’ என்றிருந்தது. பெயரை அடித்தாள். ‘பதிவு எதுவும் இல்லை.’

“மூணாவதை நான் தொடல. தொடவும் மாட்டேன்” என்றாள்.

அவள் நடுவில் பக்கத்தைப் புதுப்பிக்கவில்லை என்பதை அவன் பார்த்தான். போனை வாங்கி, பக்கத்தைப் புதுப்பித்து, நேராக ஆஸ்பத்திரி அட்டவணைக்குப் போய் அதே பெயரை அடித்தான். அத்தான் வந்தார். வயது, லாரி டிரைவர், கால் முறிவு, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி.

தேர்ந்தெடுத்த வட்டாரத்தை நினைவில் வைக்க அவன் ஒரே ஒரு இடம்தான் ஒதுக்கியிருந்தான். காப்பி அடித்தபோது மூன்று அட்டவணையும் அந்த ஒன்றையே பார்த்தன. முதலாவதில் தேர்ந்தெடுத்த வட்டாரம், ‘எல்லா வட்டாரமும்’ என்று பொய் சொல்லிக்கொண்டே மற்ற இரண்டிலும் ஆட்களை மறைத்திருந்தது. வயிறு எரியத் தேடுகிறவர்கள் எங்கே பக்கத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள்?

“கால்தானே, போனாப் போகுது” என்று அக்கா எழுந்துவிட்டாள். “நீ பண்ணின பக்கத்துலதான்டா கிடைச்சாரு. ராசிக்காரன்டா நீ.” அத்தானின் சட்டைகளை எடுத்துப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

அவன் தன் போனோடு மாடிப்படிக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினான். எடுத்த நர்ஸம்மாவிடம் அத்தான் பெயரைச் சொன்னான்.

“இன்னைக்குக் காலையில இறந்துட்டாருங்க. லிஸ்ட்டுல பேரை இப்பதான் மாத்தப்போறோம். புண்ணு புரையோடி, விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினார். போன் தண்ணில போச்சு, ஒரு நம்பரும் ஞாபகம் இல்லன்னார். பேரை ஏத்தறப்போ எந்த வெப்சைட்டுன்னு கேட்டார். எங்க மச்சான் ஆபீஸ் ஆச்சே, அவன் கண்ணுக்குத் தப்பாது, வந்துடுவான்னார். கதவு திறக்கறப்போ எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தார்.”

அவன் படியிலேயே உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. இப்போதும் யார் யாரோ இதே பக்கத்தில் இதே மாதிரி தேடிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் வந்தது. உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தான்.

“இப்பவுமா ஆபீஸ் வேலை? கிளம்புடா” என்றாள் அக்கா.

ஒன்றாக இருந்ததை மூன்றாகப் பிரித்தான். ஒரு சட்டை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் வேலை, இவ்வளவேதான். ஏற்றிவிட்டு நிமிர்ந்தான். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அதற்குள் அவள் ஆஸ்பத்திரி விலாசத்துக்காகத் தன் போனை எடுத்திருந்தாள்.

“உன்னை மாதிரியே புதுசாக்கிட்டுத்தான் அடிச்சேன். பேரைக் காணோமே. இப்பதானே இருந்துச்சு. எங்கடா போச்சு?”

அவன் லேப்டாப்பை மூடினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு விரலால் பக்கத்தை இன்னும் கீழே தள்ளி, மூன்றாவது அட்டவணையில் பெயரை அடித்தாள்.

இந்தத் தடவை பக்கம் சரியாக வேலை செய்தது.