செவ்வாய்க்கிழமை மாற்றாத ரயர்கள்

1

இந்தக் கதை ஒரு கடிதத்துக்குப் பயந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி மங்கையற்கரசி வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு நிறுவனம் அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது: பனி கொட்டிய காலையில் கோடைகால ரயரோடு ஏன் கார் ஓட்டினீர்கள்? இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் போக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் படித்து முடித்து, ஆறு மாதச் சோதனைக்காலத்தில் இருக்கிறாள். பதில் சரியில்லையென்றால் வேலை போய்விடும்.

எங்கள் வீட்டில் டொச் என்கிற ஜேர்மன் மொழியில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் நான்தான். எழுதித் தரச் சொன்னாள். நான் தமிழில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்று கேட்டால், இப்போதைக்கு எல்லார்மேலும்.

2

முதல் தொடக்கம்: "குளிர்காலம் வருமுன் காரைத் தயார் செய்வது ஒவ்வொரு சாரதியினதும் கடமை. பற்றரியைச் சோதியுங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீரில் உறையாத திரவத்தைக் கலந்துவிடுங்கள். ரயரின் பள்ளம் நாலு மில்லிமீற்றருக்குக் குறையாமல்"

[அடித்துவிட்டேன். இந்த உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் எரிச்சல். பற்றரியை நானே சோதித்தேன். உறையாத திரவத்தை நானே ஊற்றினேன். பனி சுரண்டும் தகட்டைக் கதவுப் பையில் செருகி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க முதுகு நோவோடு காருக்குக் கீழே கிடந்தேன்.]

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளைப் பனியே, உனக்கு இரக்கம்" [வேண்டாம். பனிக்கு என்ன தெரியும்?]

3

சரி, கார் திருத்தும் கராச்சிலிருந்து தொடங்குகிறேன். மங்கையற்கரசி முதல் சம்பளத்தில் நாலு புதுக் குளிர்கால ரயரை அங்கேயே வாங்கி வைத்தாள். அவற்றைப் பூட்ட ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தெர்மின் எடுத்தாள், முன்பதிவு. அவளுக்கு அன்று வேலை. காரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அட்டமி. அட்டமியில் நான் எந்தப் புதுக் காரியமும் தொடங்குவதில்லை. ரயர் மாற்றுவதெல்லாம் ஒரு காரியமா என்று சிரிப்பவர்கள், நாலு ரயரும் புதிது என்பதைக் கவனிக்க வேண்டும். கராச்சுக்குத் தொலைபேசி எடுத்து வேறு நாள் கேட்டேன். எடுத்த பெண் என்ன சொன்னாள் தெரியுமா? மூன்று வாரம் கழித்துத்தான் இடம் இருக்கிறதாம்! நாலு ரயரைக் கழற்றிப் பூட்ட மூன்று வாரமா? வீடா கட்டப் போகிறார்கள்? நாங்கள் இருப்பது சவர்லாண்ட் மலைப்பக்கம். இங்கே ஒக்டோபர் வந்ததும் ஊரே ரயருக்கு வரிசையில் நிற்கும் என்று தெரியாமலா கடை நடத்துகிறார்கள்?

[இந்தப் பந்தி எனக்குப் பிடித்திருக்கிறது. நியாயமான கோபம். ஆனால் இதற்குள் ஒளிந்துகொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று தெரியவில்லை.]

4

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பத்தாம் நாள் காலை பனி கொட்டியது. மங்கையற்கரசி ஏழு மணிக்கு ஃபிராவ் கெஸ்லர் என்ற கிழவியின் வீட்டுக்குப் போய் இன்சுலின் போட வேண்டும். மலைப்பாதை வளைவில் பிறேக் பிடித்தபோது கார் நிற்கவில்லை. வழுக்கிப் போய், ஓரத்தில் நின்ற ஒரு வான் வண்டியில் மோதியது. யாருக்கும் காயமில்லை. ஊசி நாற்பது நிமிடம் பிந்தியது. கிழவி சுகமாக இருக்கிறார்.

இந்த இடத்தில் கதாபாத்திரத்தில் எனக்குச் சிக்கல் வந்தது. ஆகவே இப்படி எழுதினேன்: "அவள் அவசரக்காரி. காரின் ரயரை ஒருநாளாவது குனிந்து பார்த்தவளில்லை."

மங்கையற்கரசி தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"இதென்ன? நான் ரயரைப் பாக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள்?"

"கதையப்பா. கதையில அப்பிடி ஒரு ஆள் வேணும்."

"அண்டைக்குப் பின்னேரம் வேலையால வந்து உங்களிட்ட என்ன கேட்டனான்?"

நான் அந்த வரியைக் கையால் மறைத்தேன்.

"ரயர் போட்டாச்சோ எண்டு கேட்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

5

போட்டாச்சு என்று சொன்னேன்.

அட்டமி என்று சொன்னால் பேசுவாள் என்று பயம். ஒரு சொல்லில் சமாளித்துவிட்டு, மூன்று வாரம் கழித்துச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவள் என்னை நம்பினாள். எல்லா ரயரும் கறுப்பு. குளிர்கால ரயரில் மலையும் பனித்துகளும் பொறித்த சின்னஞ்சிறு அடையாளத்தை யார் குனிந்து தேடுகிறார்கள்? பொலிஸ்காரன் தேடினான்.

"விண்டர் ரயர்தான் போட்டிருக்கு எண்டு அவனுக்குச் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னனான்," என்றாள். "ரயரைக் காட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவன். ஒஃபீசிலயும் நான் பொய் சொன்னனான் எண்டுதான் நினைக்கினம். கார் நசிஞ்சது போகட்டும். நான் பொய்க்காரியோ?"

"அண்டைக்கு அட்டமியப்பா..."

"அட்டமியெண்டு ஃபிராவ் கெஸ்லருக்கு நான் ஊசி போடாமல் விடுறனானோ?"

கதாசிரியன் என்ற முறையில் ஒரு நல்ல பதிலை உருவாக்கிப் பார்த்தேன். வரவில்லை. கராச்சுப் பெண்மேல் வந்த கோபமெல்லாம் விலாசம் மாறிப் போயிருந்தது என்று இப்போது தெரிகிறது. எனக்கு என்மேல்தான் ஆத்திரம். வெட்கமாகவும் இருக்கிறது.

6

அவளே இரண்டு வரி எழுதி மேசையில் வைத்திருக்கிறாள். அவளுடைய டொச்சில், இரண்டு எழுத்துப் பிழையோடு: "ரயரைச் சரிபார்க்காதது என் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உமக்கென்ன விசரோ? செய்யாத பிழையை ஏன் ஏற்கிறீர்?"

"என்ர மனுசன் பொய் சொன்னவர் எண்டு என்ர கையால எழுத ஏலாது. நீங்கள் எழுதிறதெண்டால் எழுதுங்கோ. அது உங்கட கை."

சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள். இப்போது பதினொன்று இருபது.

முடிவுகள் சில கைவசம் உண்டு.

அ) அவள் கடிதம் அப்படியே போகிறது. வேலை போகிறது. என் மானம் தப்புகிறது. தமிழ்ச் சங்க விழாவில் வழக்கம்போல் முன்வரிசையில் இருப்பேன்.

ஆ) மேலாளர் மனமிரங்கி, பரவாயில்லை என்கிறார். [இந்த முடிவைக் கொண்டுவருகிறவர் சோதனைக்காலத்தில் வேலை செய்து பார்த்ததில்லை.]

இ) அவளுடைய இரண்டு வரிக்குக் கீழே நான் எழுதுகிறேன். டொச்சில் தொடங்கிவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான் வந்திருக்கிறது: "அவருடைய கணவனாகிய நான், அந்தச் செவ்வாய்க்கிழமை, காரை"

இந்த வாக்கியத்தின் வினைச்சொல்லை டொச்சிலும் கடைசியில்தான் போட வேண்டும். அது வரை எப்படியோ போய்விடலாம். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் கை வரவில்லை. முப்பது வருடமாகத் தமிழ்க் கதைகளில் எத்தனையோ பேரைத் துணிச்சலாக உண்மை பேச வைத்தவன் நான். என்ன கேவலம்!

இந்த முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். உங்களிடம் ஒரு வேலைதான் தருகிறேன். ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள நம்மவர் கோயிலின் தேருக்கு நாங்கள் இருவரும் வருவோம். என்னைக் கண்டால், "அண்ணை, எழுதிக் குடுத்தனீங்களோ?" என்று கேளுங்கள். நான் ஓம் என்று சொல்வேன். அதை நம்ப வேண்டாம். பக்கத்தில் நிற்பவளிடம், இப்போது எங்கே வேலை என்று கேளுங்கள்.